முன்பக்கத்து இடது டயர்

டயர் கடையில் அவளுக்கு வக்கீலக்கா என்று பெயர். அவள் சட்டம் படித்தவள் இல்லை. கண்ணாடி அறைக்குள் கவுன்ட்டரில் உட்கார்ந்து பில் போடுகிறவள். ஆனால் யார் சண்டைக்கு வந்தாலும் முதலாளி தன் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "அக்காகிட்ட பேசுங்க" என்பார். எகிறிக்கொண்டு வந்த ஆள் கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே போவார். சிலர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்.

"அடிக்க வந்தவனை மாலை போடாத குறையா அனுப்பி வைக்கிறீங்களேக்கா" என்று ஃபிட்டர் சிரிப்பான். அவளைவிட அவன் வயதில் மூத்தவன். இருந்தாலும் அக்காதான்.

டயர் கடைக்கு வருகிற சண்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மாட்டின மறுநாளே காற்று இறங்குகிறது என்பார்கள். கேட்ட கம்பெனி வேறு, போட்டது வேறு என்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் வருவது முன்னாடி பின்னாடிச் சண்டை. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர், புதுசை முன்னாடி போடு என்பார். ஸ்டியரிங் அங்கேதானே இருக்கிறது என்பது அவர் கணக்கு. கடையோ புதுசைப் பின்னாடி போட்டுவிட்டு, பின்னாடி இருந்த நல்லதை முன்னாடி கொண்டுவரும். ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும் என்று வக்கீலக்கா மேஜைமேல் ஸ்டேப்ளரை வழுக்கவிட்டுக் காட்டுவாள். நியாயம் அவள் பக்கம் இருந்த நாட்கள்தான் அதிகம். அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வாய் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. நான்கு பெண்கள் இருந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள்; அவள் சொன்னது யார் காதிலும் விழுந்ததில்லை. கடைக்கு வருவதற்கு முன்பு ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை பார்த்தாள். அங்கே மேலாளராக இருந்த அம்மாள் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். "எதிர்த்துப் பேசாதே. முதல்லேர்ந்து சொல்லுங்கன்னு கேளு. முடிச்சதும் மறுபடி கேளு. திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஏதாவது ஒண்ணு மாறும். அதைப் பிடிச்சுக்கோ, விடாதே." அதைப் பிடித்துக்கொண்டவள்தான். கல்யாண வாழ்க்கையில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. புருஷனிடமிருந்து விலகி வந்து, பெரிய அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமே கேட்காது. யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்ப்பாள், துணி மடிப்பாள், டிவி சத்தம் கூடுதலாக இருந்தால் எழுந்து மேலே போய்விடுவாள். காலையில் அத்தான் தன் காரில் கடை வாசலில் இறக்கிவிடுவார். இறங்கிக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அவள் வக்கீலக்கா.

ஒருநாள் அத்தானின் காரில் முன்டயர் ஒன்று பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியிருந்தது. "நம்ம கடைக்குக் கொண்டு வாங்க அத்தான், நான் பார்த்துக்கறேன்" என்றாள். அந்த வீட்டுக்குத் தன்னாலும் ஒன்று செய்ய முடிகிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிறைவு. கடையில் ஃபிட்டரைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டு வண்டிப்பா. பார்த்து நல்லதா ஒண்ணு போட்டு விடு" என்றாள். கழற்றிய பழைய டயர்கள் கடையின் பின்பக்கம் மலை மாதிரி கிடக்கும். அதிலிருந்து தேறுவதை எடுத்துத் தெரிந்தவர்களுக்குப் போடுவது வழக்கம்தான். சொல்லிவிட்டு உள்ளே போனவள் அதை மறந்தே போனாள்.

அதே காலையில் இன்னொரு காரும் வந்திருந்தது. ஓட்டி வந்தவர் பஸ் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பக்கம் இரண்டும் தேய்ந்துவிட்டன, புதுசு போடுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் மகளோடு திரும்பி வந்தார்.

"புதுசை முன்னாடி போடச் சொன்னேன்மா. பின்னாடி போட்டிருக்காங்க."

வக்கீலக்கா ஸ்டேப்ளரை எடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"சரிம்மா, நீங்க சொல்றது நியாயம். அப்படியே இருக்கட்டும். ஆனா பின்னாடி இருந்த ரெண்டு நல்ல டயரும் முன்னாடி வந்திருக்கணும்ல? வலது பக்கம் வந்திருக்கு. இடது பக்கம் இருக்கிறது என்னோடது இல்லை."

"எப்படி சார் சொல்றீங்க?"

"கை வச்சுப் பார்த்தேன், பள்ளம் கம்மியா இருக்கு. அப்புறம் என் டயர்ல பக்கவாட்டுல நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கும். வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிச்ச அன்னைக்கு உரசிட்டேன். அந்தக் கறை இதுல இல்லை."

அறைக்குள் இன்னும் நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். எல்லோரும் கையிலிருந்த போனை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவளுக்குச் சபை கூடிவிட்டது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார். கறை இருந்த டயர் எங்க இருந்துச்சு?"

"பின்னாடி. இடது பக்கம்."

"இப்ப எங்க காணோம்?"

"முன்னாடி இடது பக்கம்."

"முன்னாடி இருந்ததைத் தேஞ்சு போச்சுன்னு நீங்கதானே சார் கழட்டச் சொன்னீங்க?"

"அது இல்லைம்மா, பின்னாடி இருந்தது முன்னாடி வந்திருக்கணும்ல, அது."

"ஆனா உள்ளே வந்ததும் புதுசைத்தானே முன்னாடி போடச் சொன்னேன்னீங்க? புதுசு முன்னாடின்னா பழசு பின்னாடியேதானே இருக்கும்? நீங்க எதை எங்க தேடுறீங்க?"

நாற்காலியிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் விரல்களை மடக்கி மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் ஆரம்பிக்க வைத்தாள். அந்தத் தடவை அவர் வாய் தவறி, "பின்னாடி வலது பக்கம்" என்றார்.

"இப்ப வலதுங்கறீங்க" என்றாள் அவள், மிக மென்மையாக.

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்ப்பா, வாங்க."

"வாய் தவறிடுச்சும்மா. சண்டைக்கு வரலை நான். நீங்க ஒரே ஒரு தடவை எழுந்து வந்து பாருங்க. அந்த டயர் இங்கதான் எங்கேயாவது இருக்கும். பார்த்தா தெரிஞ்சுடும்."

அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே வெயில், ரப்பர் நாற்றம், கம்ப்ரஸர் சத்தம். அதுகூட இல்லை. எழுந்தால் சந்தேகம் வந்துவிட்டதாக ஆகிவிடும். அவள் எழுந்திருக்காமலே ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கச் சொல்றேன் சார், இருந்தா போன் பண்றேன்" என்றாள். அவர் வெளியே போனதும், மகளை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு மறதி இருக்காம்மா? இந்த வயசுல இப்படித்தான் ஆரம்பிக்கும். வண்டி வேற ஓட்டறார். பார்த்துக்கோங்க" என்றாள். புகார் சொன்னவரைவிட, கூட வந்தவரைத் தன் பக்கம் இழுத்துவிட்டால் சண்டை திரும்பி வராது. அதுவும் போன் வேலையில் கற்றதுதான்.

மகள் கண் கலங்க, "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றாள்.

அன்றைக்கு முதலாளி தன் அறையை விட்டே வெளியே வந்து, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே மழைக்காலம் தொடங்கியது. ஊரே சேறாகிவிட்டதால் அத்தான் காரைக் கழுவுவதையே விட்டுவிட்டார். அவள் தினமும் அந்தக் காரிலேயே கடைக்குப் போனாள். மழை விட்டு வெயில் அடித்த முதல் விடுமுறை நாளில், அத்தான் வாளியும் துணியுமாக வாசலில் குந்தியிருந்தார். அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இதென்ன, போகவே மாட்டேங்குது? ஏம்மா, மண்ணெண்ணெய் இருக்கா பாரு" என்று அத்தான் உள்ளே பார்த்துக் கத்தினார். "டயர்ல ஏதோ நீலக் கலர் ஒட்டியிருக்கு."

கையில் பிழிந்த துணியோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். உள்ளங்கை நீளத்துக்கு, விசிறி மாதிரி தேய்த்துவிட்ட நீலம். அத்தான் தேய்க்கத் தேய்க்கச் சேறு போய் அது பளிச்சென்று வந்துகொண்டிருந்தது. "தேய்க்காதீங்க அத்தான்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்பதற்குள் மாடிப்படி ஏறிவிட்டாள்.

மறுநாள் ஃபிட்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"நீங்கதானேக்கா நல்லதா போட்டு விடச் சொன்னீங்க? குவியல்ல நல்லது ஒண்ணும் தேறலை. அந்தப் பெரியவர் வண்டியில பின்னாடி இருந்தது கழட்டி பக்கத்துல கிடந்துச்சு. நல்ல டயர். அதை உங்க வீட்டு வண்டிக்குப் போட்டேன். அதே கம்பெனியில பழசு ஒண்ணை அவருக்கு மாட்டிட்டேன். அவர் வந்து கேட்டப்பக்கூட நீங்க விட்டுக்கொடுக்காம பேசினீங்களா... உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

அவன் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. மரியாதைதான் இருந்தது. அவள் அத்தனை சாமர்த்தியமாகத் திருட்டை மறைத்ததற்கான மரியாதை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முதலாளியிடம் சொன்னாள். "போனது போகட்டும் விடும்மா. அவரே சும்மா இருக்கார். நீ போய் கிளறினா கடை பேர்தான் நாறும்" என்றார் அவர்.

மத்தியானம், கடை ஓய்ந்த நேரத்தில், பெரியவர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். டயர் கடை என்றதும், "அப்பா இப்ப வண்டி ஓட்டறதில்லைங்க" என்றாள். "சாவியை நாங்க வாங்கி வச்சுட்டோம். வண்டியை வித்துடலாம்னு இருக்கோம். ஏதாவது பார்ட்டி இருந்தா சொல்லுங்களேன். அன்னைக்கு நீங்க சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா? நாங்க கவனிக்காமலே இருந்திருப்போம்."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடமும் அத்தானிடமும் சொன்னாள். சொல்லும்போதே குரல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் காற்றுதான் வந்தது. அக்கா, "அடுத்தவங்க டயர்லயா இத்தனை நாளா போயிட்டு வந்தோம்?" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அத்தான் கோபக்காரர் இல்லை. "நான் கேட்டேனா உன்கிட்ட?" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

விடிந்ததும் தெருமுனைப் பஞ்சர் கடையில் அந்த டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பில்லில் இருந்த முகவரிக்கு அத்தானே அவளை அழைத்துப் போனார். பெரியவர் வீட்டு வாசலில் நீல கேட். அதற்குப் பின்னால் துணி போர்த்திய கார். அத்தான் டிக்கியைத் திறந்துவிட்டுத் திரும்பவும் ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் டயரைத் தானே இறக்கி, உருட்டிக்கொண்டு போய், கேட்டைத் தட்டினாள். புடவையெல்லாம் கரி.

மகள் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் டயரைப் பார்த்ததும் நின்றாள்.

"அப்பா சொன்ன டயர் இதுதான்மா. எங்க கடையில மாத்திட்டாங்க. எங்க வீட்டு வண்டியிலதான் இத்தனை நாளா ஓடிட்டு இருந்துச்சு. எனக்கு அப்பத் தெரியாது. ஆனா அவர் எழுந்து வந்து பாருங்கன்னு கேட்டார், நான் பார்க்கலை. அப்பா சொன்னதுதான் எல்லாமே சரி."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது டயரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"அப்போ மறதின்னு சொன்னீங்களே?"

"அது..." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது உங்க வாயை அடைக்கறதுக்காகச் சொன்னதும்மா."

"என்னங்க பேசுறீங்க? காதுகிட்ட வந்து, கூடப் பிறந்தவ மாதிரி சொன்னீங்களே! அதுக்கப்புறம் அவர் எது செஞ்சாலும் எனக்கு அப்படியே தெரிய ஆரம்பிச்சுது. கண்ணாடியை எங்கே வச்சேன்னு கேட்டா பயம். ஒரு தடவை பஸ்ல தப்பான ஸ்டாப்புல இறங்கிட்டார், நான் அழுதேன். குளிக்கும்போது தனியா முணுமுணுக்கறார்னு டாக்டர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கேன்!"

உள்ளிருந்து பெரியவர் வந்து கதவோரம் நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கடைக்கு வந்தபோது இருந்ததைவிட இளைத்திருந்தார்.

"முணுமுணுப்பு ஒண்ணுமில்லைம்மா" என்றார் மகளிடம். "பழைய பஸ் ரூட்டெல்லாம் வரிசையாச் சொல்லிப் பார்ப்பேன். எது விட்டுப்போகுதுன்னு. ஒண்ணும் விட்டுப்போகலை. ஆனா விட்டுப்போனதையே மறந்துட்டேனோன்னு அடுத்த பயம் வந்துடும்."

பிறகு மெல்ல இறங்கி வந்து டயரின் மேல் கை வைத்தார். கறையை விரலால் தடவினார்.

"நானே நம்பிட்டேன்" என்றார்.

வக்கீலக்கா கைகூப்பினாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் கூசியது. சொன்னால் அதுவும் கவுன்ட்டர் பேச்சு மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

"எங்க அக்கா ஊருக்கு அந்தக் கோடியில ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க" என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. "வாராவாரம் கார்ல போய்ப் பார்ப்பேன். பஸ்னா ரெண்டு மாறணும், முட்டி ஒத்துழைக்கலை. நின்னுபோச்சு. நான் வரலைன்னு அவங்க என்ன நினைச்சாங்களோ." அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஒரு தடவை எழுந்து வந்து பார்த்திருக்கலாமேம்மா?"

தலை தானாகவே குனிந்தது. தன் விரல்களில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியைக் கடைக்குக் கொண்டு வந்தா நானே பக்கத்துல நின்னு மாட்டித் தரச் சொல்றேன் சார்" என்றாள் கடைசியில்.

"அந்தக் கடைக்கா? வேண்டாம். சுவரோரமா வச்சிட்டுப் போங்க."

மகள் உள்ளே ஓடிப் போய்க் கார் சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். துணியை விலக்கி, கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சாவியை அவர் போடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, சாவியை மகளிடமே நீட்டினார். "இன்னைக்கு வேண்டாம். கை நடுங்குது. கொஞ்ச நாள் போகட்டும்."

அந்த நீட்டிய கையை வக்கீலக்கா பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தார்கள். வாசலில் அவள் இறங்கும்போது அத்தான், "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். வழக்கமாகச் சாயங்காலம் அவள் பஸ்ஸில்தான் போவாள். அவர் அப்படிச் சொன்னதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. டயர் அடுக்குகளுக்கு நடுவே போய் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கடைப் பெயர் ஒன்றும் நாறவில்லை. பெரியவர் வீட்டார் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஃபிட்டர் சில நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தான். அவள் அவனைத் திட்டவில்லை; திட்ட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளால் பழையபடி பேச முடியவில்லை. யாராவது குரலை உயர்த்திக்கொண்டு வந்தால் உடனே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று வண்டிக்குப் போய்விடுவாள். பாதி நேரம் கடைமேல் தப்பில்லை என்றுதான் தெரியும். மீதி நேரம் முதலாளி பல்லைக் கடித்தார். கொஞ்ச நாளில் கவுன்ட்டருக்கு வேறொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு, இவளைப் பின்பக்கக் கிடங்குக்கு அனுப்பினார். அங்கே பேச்சுக்கு ஆள் இல்லை. ஃபிட்டர்கள் மட்டும் பழக்கதோஷத்தில் "வக்கீலக்கா" என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் முள் குத்தியது மாதிரி இருக்கும். அப்படிக் கூப்பிடாதீங்கப்பா என்று சொல்ல நினைப்பாள். ஏன் என்று கேட்பார்களே என்று விட்டுவிடுவாள்.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். சிக்னலில் வண்டிகள் வரிசையாக நின்றன. இரண்டாவது வண்டியில் பெரியவர். அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, கண்ணாடியை ஒட்டி முன்னால் குனிந்து, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி. பக்கத்தில் மகள், ஒரு கை கதவிலும் ஒரு கை ஹேண்ட்பிரேக்கிலுமாக. முன்பு மகள் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்திருக்காது.

அவர் இந்தப் பக்கம் திரும்பப் போவது போலத் தெரிந்தது. அவள் சட்டென்று விளம்பரப் பலகைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். பையை நெஞ்சோடு அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிக்னல் விழுந்து, ஹாரன்கள் அடங்கி, வண்டிகளெல்லாம் போய்விட்ட பிறகும் அவள் வெளியே வரவில்லை.

"ஏம்மா, உங்க பஸ் வந்துட்டுப் போயிடுச்சே, ஏறலையா?" என்றார் பக்கத்தில் நின்ற அம்மாள்.

"அடுத்ததுல போறேங்க" என்றாள்.